பக்கத்துத் தெருவுக்கு ஐரோப்பா வழி

எங்கள் ஆலையில் தண்ணீர் பம்புகள் செய்கிறோம். ஓசூர் தொழிற்பேட்டையில், இருபுறமும் லாரிகள் நிற்கும் ஒரு தெருவில் இருக்கிறது ஆலை. நான் அங்கே உற்பத்தித் திட்டப் பிரிவின் தலைவி. தலைவி என்றதும் கண்ணாடி அறையும் தனிக் காரும் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தப் பொருள் எப்போது வரும், வராவிட்டால் யாரிடம் போய்க் கத்த வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவள், அவ்வளவுதான்.

பம்புக்கு இரும்பில் வார்த்த வெளிக்கூடு ஒன்று உண்டு. ஆலையில் யாரும் அதைக் கூடு என்று சொல்வதில்லை, ஹவுசிங் என்பார்கள். அதை வார்க்கிற ஃபவுண்டரி எங்களுக்குப் பின்தெருவில் இருக்கிறது. டெம்போவில் ஏற்றினால், டிரைவர் இரண்டாவது கியருக்குப் போவதற்குள் எங்கள் பின்கேட் வந்துவிடும். வந்ததை எங்கள் மெஷின்களில் கடைந்து, துளை போட்டு, அசெம்ப்ளிக்கு அனுப்புவோம். இதில் புரியாதது எதுவும் இல்லை. அதுதான் வெளிநாட்டிலிருக்கும் எங்கள் தலைமையகத்தை உறுத்தியிருக்க வேண்டும்.

ஒருநாள் அங்கிருந்து ஒருவர் வந்தார். உலகம் முழுக்க உள்ள எங்கள் ஆலைகளில் எதை எங்கே செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பவர். பதவிப் பெயர் குளோபல் நெட்வொர்க் டைரக்டர். டெல்லிக்காரர், வெளிநாட்டிலேயே ஊறிப்போனவர். தமிழில் ஒரு சொல் தெரியாது. பெங்களூரில் விமானம் இறங்கி, அத்திப்பள்ளி நெரிசலில் அரைநாளைத் தொலைத்து, நாங்கள் சாப்பாடு முடித்துக் கை கழுவும்போது வந்து சேர்ந்தார். வந்ததும் லேப்டாப்பைத் திறந்தார். திரை நிறைய உலக வரைபடம். ஆலை இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு பச்சைப் புள்ளி. ஓசூரின் புள்ளி கடலை ஒட்டி இருந்தது.

"நாங்கள் கடற்கரையில் இல்லை" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தமிழ்நாட்டில் கடல் இருக்கிறது அல்லவா? மாநிலத்துக்கு ஒரு துறைமுகம் என்று வைத்துக்கொண்டோம். கணக்குக்கு இது போதும்" என்றார் ஆங்கிலத்தில்.

துறைமுகம் சென்னையில். எங்களுக்கும் அதற்கும் நடுவில் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் என்று ஒரு பகல் முழுக்க நீளும் சாலை இருக்கிறது. அத்தனை ஊரையும் ஒரு புள்ளியில் நசுக்கிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்த படத்தில்தான் விஷயம் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவில் எங்களுக்கு இன்னொரு ஆலை உண்டு. அங்கே பெரிய கூடம் ஒன்று காலியாகக் கிடந்தது. அதனால் உலகத்திலுள்ள எங்கள் பம்புகள் எல்லாவற்றுக்கும் ஹவுசிங்கை இனிமேல் அங்கேயே கடைவார்கள். எங்கள் மெஷின்களைக் கழற்றி அங்கே அனுப்பிவிட வேண்டும். ஓசூரில் அசெம்ப்ளி மட்டும். வார்ப்பு மட்டும் எங்கள் பின்தெருவிலேயே நடக்கும். ஏனென்றால் அது மலிவு.

நான் கையைத் தூக்கினேன். "பின்தெருவில் வார்த்ததைச் சென்னைக்கு அனுப்பி, கப்பலில் ஏற்றி, ஐரோப்பாவில் துளை போட்டு, மறுபடியும் கப்பலேற்றி, சென்னையிலிருந்து லாரியில் இங்கே கொண்டுவந்து மாட்டுவதா?"

அவர் சிரித்தார். புத்திசாலிக் குழந்தை கேள்வி கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "நீங்கள் ஒரு ஆலையாக யோசிக்கிறீர்கள். நாங்கள் ஒரு நெட்வொர்க்காக யோசிக்கிறோம்."

எங்கள் ஆலை மேலாளர் தலையாட்டினார். அவருக்கு வாய்த்த ஒரே திறமை அது. எதிரெதிராகப் பேசுகிற இரண்டு பேருமே அந்தத் தலையாட்டல் தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளும்படி ஆட்டுவார்.

என் கணவருக்கு ஜூஜுவாடியில் லாரி உதிரிபாகக் கடை. சாப்பிடும்போது அவரிடம் இதைச் சொன்னேன். அவர் பாதிச் சோற்றில் நிறுத்தினார்.

"ஏம்மா, உங்க கம்பெனிக்காரங்க படிச்சவங்கதானே?"

"ரொம்பப் படிச்சவங்க."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மீதியைச் சாப்பிட்டார்.

மெஷின் வரிசைக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். உத்தனப்பள்ளிக்காரர். தக்காளியும் சாமந்தியும் போடுகிற விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, லாரிக்காரர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ், மேலாளரிடம் மௌனம். முறுக்கிய மீசை. தான் இல்லாவிட்டால் அந்த மெஷின்கள் மூச்சுவிடாது என்று உண்மையாகவே நம்பினார். செய்தி தெரிந்ததும் கேண்டீனில் எல்லோருக்கும் கேட்கும்படி முழங்கினார்.

"எவன் வந்து கழட்டுறான்னு பாத்துடறேன் மேடம்! ஃபவுண்டேஷன் போல்ட்டு மேலயே படுத்துக்குவேன். என்ன தாண்டித்தான் கை வெக்கணும்!"

அந்தக் கணம் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கழற்றுகிற நாளும் வந்தது. நான் எட்டிப் பார்த்தபோது அவர் போல்ட்டின் மேல் படுத்திருக்கவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்பேனர் பிடித்திருந்தவனை "மெதுவாடா, மெதுவா, பெயிண்டு போயிடப் போவுது" என்று அதட்டிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் மெஷின்களை நிறுத்தி, அங்கிருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. என்னைப் பார்த்ததும் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டார்.

"என்னா பண்றது மேடம். நாம போவலன்னா அவனுங்க மெஷின நாசம் பண்ணிடுவானுங்க."

மெஷின்கள் போயின. கூடம் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. பிறகு காத்திருக்க ஆரம்பித்தோம்.

கப்பல் தாமதம் என்றார்கள். வந்தது. பெட்டியைத் திறந்தால் எல்லா ஹவுசிங்கும் செம்பழுப்பாக இருந்தது. பளபளவென்று கடைந்த இரும்பைக் கடல்காற்றில் வாரக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று எந்த லேத் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். ஐரோப்பா ஆலையோ பெட்டிகளை மிக அழகாக அடுக்கியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் சிரிக்கிற முகம் வரைந்த ஸ்டிக்கர். உள்ளே துரு.

அசெம்ப்ளி நின்றது. லைனில் நின்ற காண்ட்ராக்ட் பெண்கள், அரூர் பக்கத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள், முதலில் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். பிறகு ஆலையைச் சுற்றிப் புல் பிடுங்கினார்கள். புல்லும் தீர்ந்தது. அவர்களில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது மேலாளர் தலையாட்டினார்.

அவசரம் என்று அடுத்த முறை விமானத்தில் அனுப்பினார்கள். இரும்பு ஹவுசிங்குகள் விமானத்தில் வந்தன. எங்கள் ஆலையில் பாதிப் பேர் இன்னும் விமானம் ஏறியதில்லை.

வாரத்துக்கு ஒருமுறை தலைமையகத்தோடு வீடியோவில் கூட்டம். ஒரு கூட்டத்தில், சென்னையிலிருந்து வர வேண்டிய லாரி ஏன் தாமதம் என்று டைரக்டர் கேட்டார். சானமாவு காட்டருகே யானைகள் நெடுஞ்சாலையைக் கடந்துகொண்டிருந்தன. வனத்துறை இருபுறமும் வண்டிகளை நிறுத்தியிருந்தது. இந்தப் பக்கத்தில் இது ஒரு செய்தியே இல்லை.

"யானைகள்" என்றேன்.

திரையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இது மறுபடியும் நடக்காமல் இருக்க உங்கள் திட்டம் என்ன?" என்று கேட்டார் ஒரு பெண். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நெட்வொர்க் ஆபத்துகளுக்குப் பொறுப்பாம்.

"யானைகள் எங்கள் ஆலையின் கட்டுப்பாட்டில் இல்லை."

"புரிகிறது. ஆனால் அவற்றின் நடமாட்ட நேரத்தை முன்கூட்டியே வாங்க முடியுமா?"

யாரிடமிருந்து வாங்குவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு தொடர்பு எண்ணையும் என்னையே தேடச் சொல்லியிருப்பார்கள்.

உத்தனப்பள்ளிக்காரர் திரும்பி வந்தார். தடிமனான நீல ஜாக்கெட் ஒன்றோடு. ஓசூர்க் குளிருக்கு அது ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் நண்பகலிலும் கழற்றவில்லை. மீசையை எடுத்திருந்தார். அவர் மெஷின்கள் அங்கே எப்படி இருக்கின்றன என்று ஆவலோடு கேட்டேன்.

"மெஷின விடுங்க மேடம். அங்க இருக்கிற ஃபுளோர பாக்கணுமே! கீழ சோறு போட்டுச் சாப்புடலாம்."

"சரி, ஹவுசிங் ஏன் துருப்பிடிச்சு வருது? எண்ணெய் தடவச் சொல்லலியா?"

அவர் என் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்தார். "நீங்க லோக்கலா யோசிக்கறீங்க மேடம்."

அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலை இப்போதும் நாக்கில் உணர முடிகிறது. டைரக்டர் சொன்னபோது அது வெறும் திமிர். இவர் சொன்னபோது, ஆயுத பூஜைதோறும் தன் மெஷின்களுக்குச் சந்தனம் பூசிக் கும்பிட்ட ஒருவரை யாரோ துடைத்து எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. பரிதாபப்பட வேண்டும் என்று தோன்றியது. படவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு காரியம் செய்தேன். ஃபவுண்டரிக்கு எதிரே ஒரு சிறிய மெஷின் பட்டறை உண்டு. கன்னடக்காரர் நடத்துவது. துருப்பிடித்து வருகிற ஹவுசிங்கைச் சரிசெய்ய அவரை அமர்த்திக்கொள்ளத் தலைமையகம் அனுமதித்திருந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் அந்த வேலைக்குப் பெயர் ரீவொர்க். புதிதாகக் கடைவதற்கு ஓசூரில் யாருக்கும் அனுமதி இல்லை. கடைந்ததைச் சரிசெய்ய மட்டும் உண்டு. நான் ஃபவுண்டரியிலிருந்து புது வார்ப்பையே நேராகப் பட்டறைக்கு அனுப்பினேன், கணக்கில் ஐரோப்பாவில் கடைந்து வந்ததைச் சரிசெய்ய அனுப்பியதாக எழுதி.

பட்டறைக்காரர் டெம்போவிலிருந்து இறங்கியதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். போன் செய்தார்.

"ஏனு மேடம் இது? ரீவொர்க்குன்றீங்க. இதுல துருவே இல்லியே. துளையே இல்லியே!"

"துரு வர்றதுக்கு முன்னாடியே எடுத்துடறோம்."

போனில் வயிறு குலுங்கச் சிரிக்கிற சத்தம். "ஆகட்டும் மேடம், ஆகட்டும். தொளையும் தொலஞ்சுபோச்சு, அதையும் தேடிக் குடுத்துடறேன்."

எங்கள் தரப் பிரிவு ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தது. எந்தக் குறையும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வருவதை நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அசெம்ப்ளி மறுபடியும் ஓடியது. ஊருக்கு அனுப்பிய பெண்களில் சிலரைத் திரும்பக் கூப்பிட்டோம். சிலருக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. சிலர் திருப்பூர் போய்விட்டார்கள். புல் மறுபடியும் நிம்மதியாக வளர்ந்தது.

இதைத் தலைமையகம் கவனிக்கவே கவனிக்காது என்று நினைத்திருந்தேன். கவனித்தது. ஓசூரில் ஹவுசிங் தட்டுப்பாடு ஒழிந்துவிட்டது, நெட்வொர்க் வெற்றி என்று அறிவித்தது. டைரக்டருக்கு ஒரு விருது கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த பூமி உருண்டை அது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவர் படம் எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் வந்தது. நான் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதுவரை எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை அதோடு நின்றிருக்கலாம். டைரக்டர் மறுபடியும் ஓசூர் வந்தார், இரண்டாம் கட்டத்தோடு. கடைவதை ஐரோப்பா இவ்வளவு பிரமாதமாகச் செய்வதால் வார்ப்பதையும் அங்கேயே கொண்டுபோய்விடலாம். பின்தெரு ஃபவுண்டரிக்கு எங்களை விட்டால் பெரிய வாடிக்கை கிடையாது. திரையில் அவர் ஒரு பச்சைக் கோட்டை அழித்தார். ஒரு விரல்தான். அந்தக் கோட்டின் நுனியில் உலை எரிய, நெருப்புக்கு முன் நின்று இரும்பு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய டெம்போ அப்போதும் எங்கள் பின்கேட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

என் விளையாட்டையே ஆதாரமாகக் காட்டி அவர்கள் வயிற்றில் அடிக்கப் போகிறார்கள் என்று புரிந்தது. நான் எழுந்தேன்.

"சார், ஐந்து நிமிஷம் என்னோடு நடந்து வர முடியுமா?"

"எங்கே?"

"உங்கள் நெட்வொர்க்கைப் பார்க்க."

மேலாளர் தலையாட்டாமல் இருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

பின்கேட் வழியாகப் போனோம். ஃபவுண்டரியைக் காட்டினேன். வாசலில் வார்ப்புகள் ஆறிக்கொண்டிருந்தன. தெருவைக் கடந்தோம். பட்டறையில் ஹவுசிங் கடைபடுகிற கீச்சொலி. கடைந்து முடிந்தவை ஒரு மூலையில் வரிசையாக இருந்தன, எண்ணெய் தடவி. பட்டறைக்காரர் பதறிப்போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டைரக்டர் உட்கார்ந்தார். ஒரு ஹவுசிங்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சட்டை எண்ணெயானதைக் கவனிக்கவில்லை.

"ஐரோப்பாவிலிருந்து வருவது?"

"துருவோடு கொஞ்சம் வருகிறது. ஓடுவதெல்லாம் இதுதான்."

"எவ்வளவு நாளாக?"

"எங்கள் லைன் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து. உங்களுக்கு விருது கொடுத்தது இதற்காகத்தான்."

சொல்லிவிட்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். போனால் ஜூஜுவாடி கடையில் கல்லாவில் உட்கார்ந்துகொள்ளலாம். கணவருக்கும் அது நெடுநாள் ஆசை. பயத்தைவிட, இவர் முகம் இப்போது என்ன ஆகும் என்று பார்க்கிற ஆவல்தான் எனக்கு அதிகமாக இருந்தது. வெட்கப்படுவார், அல்லது கத்துவார். இரண்டில் எதுவானாலும் அவரைக் கொஞ்சம் மதித்திருப்பேன்.

பட்டறைக்காரர் நீட்டிய டீயை அவர் வாங்கிக் குடித்தார். முழுசாகக் குடித்தார். பிறகு எழுந்து, பட்டறையையும் தெருவுக்கு எதிரே இருந்த ஃபவுண்டரியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதை நீங்கள் யாரிடமும் தவறு என்று சொல்ல வேண்டாம். இது ஒரு பைலட், ஒரு வெள்ளோட்டம்."

"என்ன பைலட்?"

"அருகாமை உற்பத்தி மாடல்" என்றார். ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருந்தது. "நான் உங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தேன். இருவருமே மறந்துவிட்டோம்."

இரண்டாம் கட்டம் கைவிடப்பட்டது. ஃபவுண்டரி தப்பித்தது. பட்டறைக்கு முறையான அனுமதி வந்தது. அடுத்த வரைபடத்தில் ஓசூர் கொஞ்சம் உள்ளே தள்ளி, கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வந்திருந்தது. பக்கத்துத் தெருவில் செய்தால் சீக்கிரம் வந்துவிடும் என்பதை டைரக்டர் கண்டுபிடித்துவிட்டார். அதை மற்ற நாட்டு ஆலைகளுக்குப் போய்ச் சொல்வதற்காக அவருக்குப் பதவி உயர்வு. ஐரோப்பாவுக்குப் போன மெஷின்கள் அங்கேயே நின்றுவிட்டன. திருப்பிக் கொண்டுவருவது நெட்வொர்க்குக்குக் கட்டுபடியாகாதாம். உத்தனப்பள்ளிக்காரரை அருகாமைப் பயிற்சியாளராக்கினார்கள். அவர் நீல ஜாக்கெட்டோடு என் மேஜைக்கு வந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல மேடம், இங்கியே செய்யறதுதான் சரின்னு."

"சொன்னீங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

எனக்கு வந்தது ஒரு கேமரா. தலைமையகத்துக்காக ஒரு வீடியோ எடுக்கிறார்களாம். ஓசூர்ப் பெண் ஒருத்தி தன் தாய்மொழியில் பேசினால் நன்றாக இருக்குமாம், கீழே ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டுக்கொள்வார்களாம். பெங்களூரிலிருந்து வந்த படப்பிடிப்புக்காரர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. என்ன பேச வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை மடித்து வைத்துவிட்டுப் பேசினேன்.

"இந்த ஹவுசிங்கைப் பின்தெருவில் வார்க்கிறார்கள். இங்கேயே கடைந்துகொண்டிருந்தோம். எங்கள் மெஷினைப் பிடுங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனீர்கள். துருப்பிடித்துத் திரும்பி வந்தது. எங்கள் பெண்களைப் புல் பிடுங்க வைத்தீர்கள். பிறகு எதிர்ப் பட்டறையில் கடைந்தோம். இப்போது அதை நீங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா?"

கேமராக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஆண்டு விழாவில் அதைக் கேண்டீனில் பெரிய திரை கட்டிப் போட்டார்கள். டைரக்டர் முன்வரிசையில் இருந்தார். என் முகம் வந்தது, என் குரல் வந்தது. கீழே, எனக்குக் கொடுத்த தாளில் இருந்தபடியே, ஆங்கில எழுத்து ஓடியது: உலக நெட்வொர்க் குடும்பத்தில் ஒருத்தியாக இருப்பதில் எனக்குப் பெருமை. முதலில் பின்வரிசைப் பெண்கள்தான் வாயைப் பொத்தினார்கள். பிறகு கேண்டீன் முழுக்கச் சிரிப்பு வெடித்தது, தட்டுகள் அதிர்ந்தன. உத்தனப்பள்ளிக்காரர் மட்டும் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

டைரக்டர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு மகிழ்ச்சியான ஆலையை அவர் இதுவரை கண்டதில்லை போலும். எழுந்து நின்று, என்னைப் பார்த்துக் கைதட்டினார்.